கப்பலேறியவர்களின் பட்டியல்

போருக்குப் போனவர்கள் – 9

‘எங்கள் பூட்டனுக்குப் பூட்டன் ஊமைத்துரை படையில் இருந்தவராம். அவர் பேரை எங்கே தேடுவது?’ ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் போனவரைத் தேடுவதென்றால் படைப்பிரிவு, சிப்பாய் எண், தகப்பன் பேர், ஊர் என்று ஏதாவது ஒரு நுனி அகப்பட்டுவிடும். 1801-இல் அந்தச் சௌகரியம் கிடையாது. அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: அவர் கப்பலேறினவரா?

பாளையக்காரர் போரில் கோட்டைச் சுவரோரம் வெட்டுப்பட்டுச் செத்தவரின் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. கும்பெனிக்காகச் சண்டை போட்டு ஜெயித்த சாதாரணச் சிப்பாயின் பேரும் அநேகமாகக் கிடைப்பதில்லை. தோற்று, பிடிபட்டு, கடல் கடத்தப்பட்டவருக்குத்தான் பேர் இருக்கிறது. கைதியை ஒப்படைப்பவனும் வாங்கிக்கொள்பவனும் தலையை எண்ணிக் கையெழுத்துப் போட்டாக வேண்டுமே! பட்டியல் இல்லாமல் நாடு கடத்த முடியாது. எதிரி நம் ஆளின் பேரை ஒழுங்காக எழுதிக்கொண்டது தூத்துக்குடித் துறையில்தான் என்பது என் கட்சி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று தப்பினார்கள். மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, இடித்துத் தள்ளியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்சுவராக மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31-இல் கும்பெனிப் படை மோதித் தோற்றது. கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்த பிறகுதான், மே 24-இல் கோட்டை விழுந்தது.

இதற்கு நடுவே தூத்துக்குடியும் ஊமைத்துரை ஆட்கள் கைக்குப் போனது. துறைமுக அதிகாரி பேகட் என்பவரைப் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பின்னாலேயே போய்க் கெஞ்சி, கணவரை மீட்டு வந்தார். இதைக் கால்டுவெல் தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சிறைப்பட்ட வெள்ளைக்காரருக்குப் பேர் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போனவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒட்டப்பிடாரம் பக்கம் போகிறவர்கள் வெள்ளைக்காரர் கல்லறைகளைப் பார்த்திருப்பார்கள். 1799 செப்டம்பர் 5 தாக்குதலில் செத்த லெப்டினென்ட் காலின்ஸ் போன்ற அதிகாரிகளுக்குக் கல்லில் பேர் உண்டு. அவர்களோடு ஏணி தூக்கிப் போய் விழுந்த நம்மூர்ச் சிப்பாய்களுக்கு? வில்சன் எழுதிய ‘மெட்ராஸ் ஆர்மி’ வரலாற்றைப் புரட்டினால், எந்தப் பட்டாளத்தில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காயம்பட்டார்கள் என்ற எண்ணிக்கை கிடைக்கும். சுபேதார், ஜமேதார் என்று பதவியில் இருந்தவர் பேர் சில இடங்களில் தட்டுப்படும். மற்றவர்கள் வெறும் எண். இதே கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்தால், அதே கும்பெனி சிப்பியை எண்ணி, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டுக் கணக்கு எழுதும். சிப்பிக்குக் கிடைத்த மரியாதைகூடச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் இன்னொரு சங்கடம் இருக்கிறது. எட்டயபுரம் பாளையம் கும்பெனி பக்கம் நின்றது. ‘பாஞ்சாலங்குறிச்சிச் சண்டைக்குப் போனவர்’ என்று வீட்டில் சொல்வார்கள். எந்தப் பக்கத்திலிருந்து போனார் என்பதைத் தலைமுறைகள் சௌகரியமாக மறந்துவிடும். தேட இறங்குகிறவர்கள் இரண்டுக்கும் தயாராக இருப்பது நல்லது.

ஊர்ப்பேரை வைத்துத் தேடலாமா என்றால் அங்கேயும் ஒரு முள். கோட்டை விழுந்த பிறகு அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். அதோடு விடவில்லை. பாஞ்சாலங்குறிச்சி என்ற பேரையே ஜில்லாப் பதிவேடுகளிலிருந்து நீக்க உத்தரவு போட்டார்கள். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலக் கணக்குகளில் அந்தப் பேரைத் தேடி ஏமாறாதீர்கள். சுற்றியிருக்கும் ஊர்களின் கணக்குகளைப் பாருங்கள். இப்போது நாம் பார்க்கும் கோட்டை 1974-இல் அரசு கட்டியது.

இனி கப்பலுக்கு வருவோம். கோட்டை விழுந்தும் ஊமைத்துரை அகப்படவில்லை. தப்பிப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார். சண்டை காளையார்கோயில் காட்டுக்கு நகர்ந்தது. 1801 அக்டோபர் 24-இல் மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, 1802 பிப்ரவரியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் பினாங்குக்கு ஏற்றினார்கள். அன்றைக்குப் பினாங்கின் பேர் வேல்ஸ் இளவரசர் தீவு.

தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆளோ பருத்தி மூட்டையோ, தோணியில்தான் போய்ச் சேர வேண்டும். 1974-இல் பெரிய துறைமுகமாகும் வரை இந்த ஊரின் பிழைப்பே அப்படித்தான் நடந்தது. விலங்கு பூட்டிய அந்தக் கைதிகளும் தோணியில்தான் போயிருக்க வேண்டும். துடுப்புப் போட்டவர்கள் இந்தக் கரையின் ஆட்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் பேரைத் தேடுவதாக இருந்தால் கோயில் பதிவேடுதான் வழி. பரதவர் ஊர்களில் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றுக்கும் பங்குக் கோயில்கள் புத்தகம் வைத்திருக்கும். ஆனால் ஒரே தெருவில் பத்து சவேரியார் பெர்னாண்டோ இருப்பார். தகப்பன் பேரும் தாய் பேரும் தெரியாமல் போனால் திண்டாட்டம்தான்.

கப்பலேறிய பட்டியலில் சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவர் இருக்கிறார். பாஞ்சாலங்குறிச்சித் தளவாய் குமாரசாமி நாயக்கர் இருக்கிறார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருக்கிறார். இன்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வீரர், ஒரு மணிமண்டபம், ஒரு குருபூஜை என்று பிரித்து வைத்திருக்கிறோம். கும்பெனிக்காரன் அப்படிப் பிரிக்கவில்லை, எல்லோரையும் ஒரே கப்பலில் ஏற்றினான்.

துரைசாமி அப்போது பதின்வயதுப் பையன். அவனைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி. வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. அதே வெல்ஷ் பின்னால் அக்னியூ படையில் இருந்து, மருதுவுக்கு எதிராகச் சண்டை போட்டார். கடைசியில் தூத்துக்குடியில் கைதிகளைக் காவல் வைத்துக் கப்பலேற்றும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. 1818-இல் அவர் பினாங்குக்குப் போனபோது, உடம்பு தளர்ந்த ஒரு மனிதர் அவர் முன்னால் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பேரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமி என்று புரிந்தது. 1830-இல் லண்டனில் அச்சான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அந்த வருத்தம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் கடைசி வரை கும்பெனி சம்பளக்காரர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் ஆள் கப்பலேறினவராக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகம். 1801, 1802-ஆம் வருட ராணுவ, வருவாய்த்துறைக் குறிப்புகளைக் கேளுங்கள். கலெக்டர் லஷிங்டன் கடிதங்களையும் விடாதீர்கள். பேரை நம் உச்சரிப்பில் தேடினால் கிடைக்காது. மருது ‘முர்டூ’ ஆகியிருப்பார், கட்டபொம்ம நாயக்கர் ‘கட்டபோமா நாய்க்’ ஆகியிருப்பார். பேர் ஒத்துப்போனால் மட்டும் போதாது, பாளையமும் ஒத்துப்போக வேண்டும். பேராசிரியர் ராஜய்யன் 1800–1801 கிளர்ச்சி பற்றி எழுதிய நூலை முதலிலேயே படித்துவிட்டால், பாதி அலைச்சல் மிச்சம்.

கப்பலேறாதவர் என்றால் காகிதத்தை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடியுங்கள். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலில் கும்பெனிக் காகிதங்கள் கண்டுகொள்ளாத ஆட்கள் வருகிறார்கள். கவர்ணகிரி சுந்தரலிங்கத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்ததும் ஊர் வாய்தான். பாட்டில் தேதி பிசகும், எண்ணிக்கை பெருகும். ஆனால் யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர் என்பதில் பாட்டுக்காரர்கள் லேசில் சறுக்குவதில்லை. முன்னோரைத் தேடுகிறவருக்கு முதலில் வேண்டியதும் அதுதானே?

பினாங்கு போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ஜி/34’ என்ற வரிசையைத் தொட வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் கும்பெனிக் காகிதங்கள் அதில்தான் இருக்கின்றன. அதை எப்படிப் படிப்பது என்பது அடுத்த வாரம்.