காலந்தாழ்ந்து வந்த மாணவர்

"பட்டம் பெற்றாயிற்று, இனியேனும் ஒரு வேலையில் அமரலாகாதா? இன்னும் என்ன ஆராய்ச்சி?" ஆராய்ச்சிப் படிப்பில் நாட்டங்கொண்ட பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இக்கேள்வி எழாமல் இராது. பெற்றோரின் கவலையில் நியாயமில்லாமல் இல்லை. ஆராய்ச்சி நெடிய பாதை. அதில் ஊதியம் பிந்தி வரும். புகழோ சிலருக்கு வராமலே போவதும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1946-ஆம் ஆண்டில் ஓர் இளங்குடும்பமும் இத்தகைய கவலையை எதிர்கொண்டது. அக்குடும்பத் தலைவரின் பெயர் ஜார்ஜ் டான்ட்சிக். மேலாண்மை அறிவியலின் தலையாய கருவியொன்றை உலகுக்கு அளித்தவர் அவரே.

1914-இல் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் அவர் பிறந்தார். தந்தை டோபியாஸ் கணிதப் பேராசிரியர். ஆயினும் மகன் பள்ளியில் இயற்கணிதத்தைத் தொடங்கியபோது தடுமாறினார். பின்னர் வடிவியலில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. அதைக் கண்ட தந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அக்கணக்குகளே தம் அறிவைக் கூர்மையாக்கின என்று டான்ட்சிக் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்வதுண்டு.

1939-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் மேதை ஜெர்சி நெய்மனிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒருநாள் வகுப்புக்குக் காலந்தாழ்ந்து வந்தவர், கரும்பலகையில் இரு கணக்குகளைக் கண்டார். வீட்டுப்பாடம் எனக் கருதி அவற்றைக் குறித்துக்கொண்டார். வழக்கத்தைவிட அவை கடினமாக இருந்தமையால் விடை காணச் சில நாட்கள் ஆயின. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தாள்களை ஆசிரியரின் மேசைமீது வைத்துவிட்டு வந்தார். ஆறு வாரங்கள் கழிந்தன. ஒரு ஞாயிறு காலை எட்டு மணியளவில் யாரோ வீட்டுக் கதவைப் பலமாகத் தட்டினர். திறந்தால், கையில் தாள்களுடன் நெய்மன் நின்றுகொண்டிருந்தார்! அவை வீட்டுப்பாடமே அல்ல. புள்ளியியலில் அதுவரை எவரும் நிறுவிக் காட்டாத இரு தேற்றங்கள். பின்னர் அவையே டான்ட்சிக்கின் முனைவர் பட்ட ஆய்வேடாயின.

இந்நிகழ்ச்சியை அவரிடமிருந்தே கேட்ட கிறிஸ்தவப் போதகர் ஒருவர் அதை மறையுரையில் எடுத்துரைக்க, கதை வாய்க்கு வாய் வளர்ந்து, ஐன்ஸ்டைனாலும் விடை காணமுடியாத கணக்குகள் என்ற அளவுக்குப் போயிற்று. அவ்வளவு அலங்காரம் வேண்டியதில்லை. "இது எவராலும் ஆகாதது" என்ற அச்சம் மனத்தில் புகாததால் ஓர் இளைஞர் பொறுமையுடன் முயன்றார் என்னும் உண்மையே நமக்குப் போதுமானது.

போர்க்காலத்தில் விமானப்படைக்கான கணக்கீட்டுப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், 1946-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெர்க்கிலியிலேயே ஆசிரியப் பணி காத்திருந்தது. ஆனால் ஊதியமோ ஆண்டுக்கு 1,400 டாலர் மட்டுமே. குடும்பத்துக்கு அது போதாதென அவர் மனைவி கருதினார். எனவே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு, இராணுவத் தலைமையகமான பென்டகனில் கணித ஆலோசகர் பணியை ஏற்றார். "இவ்வளவு படித்தும் கல்வியுலகை இழந்துவிட்டாரே!" என்று அன்று யாரேனும் இரங்கியிருக்கலாம். நடந்ததோ வேறு.

ஆட்கள், விமானங்கள், பயிற்சி, சரக்குகள் ஆகியவற்றையெல்லாம் இணைத்துத் திட்டமிடும் பொறுப்பு அந்த அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தது. எழுபது பேருக்கு எழுபது வேலைகளை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளிக்க எத்தனை வழிகள் உண்டு தெரியுமா? ஒன்று எழுதி அதன்பின் நூறு சுழியங்கள் இட்டாலும் அத்தொகை அடங்காது. அவற்றுள் மிகச் சிறந்த வழியை எங்ஙனம் தேர்வது? 1947-இல் அவர் கண்டறிந்த 'சிம்ப்ளெக்ஸ்' முறை இதற்கு வழிகாட்டியது. நிபந்தனைகள் யாவும் சேர்ந்து பல பட்டைகள் தீட்டிய மணிபோன்ற ஓர் உருவம் அமைவதாகக் கொள்வோம். சிறந்த விடை அதன் முனைகளுள் ஒன்றில் இருக்கும். ஒரு முனையில் தொடங்கி, முன்னதைவிட நல்ல முனைக்கு விளிம்பு வழியே நகர்ந்து, இனி மேம்பட இடமில்லை என்னும்போது நின்றால் அதுவே விடை.

இம்முறையை முதலில் சோதித்துப் பார்த்தது நம் இல்லத்தரசிகள் நன்கறிந்த கணக்கில்தான்: குறைந்த செலவில் சத்துணவு. பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுப் பொருள்களையும் 9 சத்துகளையும் ஆராய்ந்து, 1939-ஆம் ஆண்டு விலைப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 39.93 டாலர் செலவாகும் என மதிப்பிட்டிருந்தார். சிம்ப்ளெக்ஸ் முறைப்படி ஒன்பது எழுத்தர்கள் கைக்கணக்குப் பொறிகளைக் கொண்டு கணக்கிட்டனர். அதற்கு ஓராள் 120 நாட்கள் செய்யக்கூடிய உழைப்புத் தேவைப்பட்டது. கண்ட விடை 39.69 டாலர். வேறுபாடு 24 சென்டுகள் மட்டுமே!

பின்னர் மருத்துவர் உடல் எடையைக் குறைக்கச் சொன்னபோது, டான்ட்சிக் தம் உணவையும் கணினியிடமே கேட்டார். அது நூற்றுக்கணக்கான காலன் வினிகர் அருந்தச் சொன்னது. வினிகரை நீக்கினால், நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகள் என்றது. நான்கு கட்டிகளை வெந்நீரில் கரைத்துப் பருகியவர் உப்பு தாளாமல் துப்பிவிட்டார். முடிவில் அவர் மனைவியே உணவுப் பட்டியலை வகுத்தார், எடையும் குறைந்தது. கேள்வியைச் சரியாக அமைக்காவிடில் கணக்கு எவ்வளவு துல்லியமாயினும் பயனில்லை என்பதை ஆய்வாளருக்குச் சமையலறை கற்பித்தது.

ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1960-இல் பெர்க்கிலிக்குப் பேராசிரியராகவே திரும்பினார். 1966 முதல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செயலாய்வு கற்பித்தார். அவருடைய வழிகாட்டலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் முனைவராயினர். அத்துறை பிற துறைகளுடன் இணைந்து, 2000-இல் மேலாண்மை அறிவியல், பொறியியல் துறையாக உருப்பெற்றது. விமானப் பணியாளர் அட்டவணை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, சரக்குப் போக்குவரத்து முதலியவற்றில் அவர் தொடங்கிவைத்த கணிதம் இன்றும் பயன்படுகிறது.

1975-இல் வளங்களைப் பகிர்ந்தளிக்கும் கோட்பாட்டுக்காகப் பொருளியல் நோபெல் பரிசு கான்டரோவிச், கூப்மன்ஸ் ஆகிய இருவருக்கு வழங்கப்பட்டது. டான்ட்சிக்கின் பெயர் அதில் இல்லை. இதனால் வருந்திய கூப்மன்ஸ், டான்ட்சிக்கைச் சிறப்பிக்கும் வகையில், அவர் முன்னர்ப் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டுப் பன்னாட்டு ஆய்வு நிறுவனமொன்றுக்குத் தம் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை வழங்கினார். டான்ட்சிக்கோ தம் பணியைத் தொடர்ந்தார். 1985-இல் ஓய்வு பெற்ற பின்னரும் கற்பித்தார். 2005-இல் மறைந்தார்.

ஆராய்ச்சியை நாடும் மகனையோ மகளையோ உடையவர்கள் இவ்வாழ்வில் இரண்டைக் கருதலாம். குடும்பத்தின் தேவைக்காக ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைப்பது கல்விக்குப் பகையன்று. இத்துறையின் நல்ல கேள்விகள் பல பணிக்களத்தில்தான் பிறந்தன. அதுபோலவே, முதல் ஊதியத்தை வைத்து ஒருவரின் வாழ்வை அளந்துவிடவும் இயலாது. 1,400 டாலரை வேண்டாமென்று சொல்லிச் சென்றவர் அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. வகுப்பைப் போலவே பேராசிரியப் பதவிக்கும் அவர் காலந்தாழ்ந்தே வந்தார். ஆயினும், வரும்போது வெறுங்கையுடன் வரவில்லை.