பதினான்காம் நாள்

மாணவ மாணவியரே, நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் செய்துவந்த பிழை ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். உடலியல் பாடத்தில் கரும்பலகையில் 28 கட்டங்கள் வரைந்து, 14-ஆம் கட்டத்தில் ஒரு புள்ளியிட்டு, "அன்று முட்டை வெளிப்படும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திற்கு விரைந்துவிடுவேன். சொல்லக் கூசியதே காரணம். ஒருமுறை வினாப்பெட்டியில் பெயரில்லாச் சீட்டு ஒன்று கிடந்தது: "எனக்கு 35 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. இது நோயா, ஐயா?" விடை எனக்குத் தெரியவில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகள் இரண்டிலும் 10 லட்சத்திற்குக் குறையாத இளமுட்டைகள் உள்ளன. அவற்றுள் வாழ்நாளில் வெளிப்படுவன ஏறத்தாழ 400 மட்டுமே.

மாதவிலக்குத் தொடங்கும் நாட்களில், மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டைகளைச் சூழ்ந்த நுண்பைகளுள் சிலவற்றை வளரத் தூண்டுகிறது. பெரும்பாலும் ஒன்றே முந்துகிறது, ஏனையவை நலிந்துவிடுகின்றன. முந்திய பை முதிர முதிர ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்பு இரத்தத்தில் மிகுகிறது. வியப்பு இங்கேதான். அதுவரை பிட்யூட்டரியை அடக்கிவந்த அதே ஈஸ்ட்ரோஜென், ஏறத்தாழ இரண்டு நாட்கள் உயர்ந்தே நின்றால், அதனைத் தூண்டத் தலைப்படுகிறது! உடனே லூட்டினைசிங் ஹார்மோன் வெள்ளமெனப் பெருகும். அது பெருகத் தொடங்கிய 36 மணி நேர அளவில், 2 சென்டிமீட்டர் வரை பருத்திருந்த பை திறந்து, முட்டை வெளிப்படும். கருக்குழலின் விரல் போன்ற நுனிகள் அதனை வாங்கிக்கொள்ளும். விந்தணு சேராவிடில் ஒரு நாளுக்குள் அது அழியும்.

வெறுமையான பை மஞ்சள் நிறம் பெற்று, புரோஜெஸ்டிரோன் சுரந்து கருப்பையின் உட்படலத்தைக் காக்கும். கருத்தரியாவிடில் ஏறக்குறைய 14 நாட்களில் அது வாடும்; படலம் உதிரும்; அதுவே மாதவிலக்கு. ஆக, பிற்பகுதி பெரிதும் மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் முட்டை முதிரும் முற்பகுதியே. நோய், கவலை, உடல் மெலிவு ஆகியவை அதனைத் தாமதப்படுத்தக்கூடும்.

ஜப்பானிய மருத்துவர் ஒகினோ 1924-ஆம் ஆண்டில் இதனைக் கண்டுரைத்தார். அடுத்த மாதவிலக்கிற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் முட்டை வெளிப்படும் என்பது அவர் முடிவு. நான் முன்னிருந்து எண்ணினேன். அவரோ பின்னிருந்து எண்ணினார்.

பூப்பெய்திய முதற்சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாட்கள் வரை இடைவெளி இருத்தல் இயல்பே. சில மாதங்களில் முட்டை வெளிப்படாமலும் போகும். மூன்று மாதம் வாராதிருப்பின் மருத்துவரைக் காணவேண்டும்.

அச்சீட்டை எழுதிய பெண் இதனைக் கேட்கிறாளோ, அறியேன். அம்மா, உனக்கு நோயில்லை. உன் கட்டங்களில் அந்தப் புள்ளி 21-ஆம் நாளையொட்டி விழும்.