"போகணும்", "போகலாமா?": கொரியன்ல எப்படிச் சொல்றது?

கே-ட்ராமா பார்த்துப் பார்த்து "ஆன்யோங்", "சாராங்ஹே" வரைக்கும் நமக்கு வந்துடுச்சு. ஆனா "சாப்பிடப் போகலாமா?"ன்னு கேட்கச் சொன்னா முழிப்போம். இந்த இடத்துல இங்கிலீஷை விட தமிழ்தான் நமக்குக் கை கொடுக்கும். கொரியன்லயும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். நாம "போ"வோட "கணும்", "லாமா" சேர்க்கிற மாதிரி அவங்களும் விகுதி சேர்க்கிறாங்க.

முதல்ல வேர்ச்சொல். அகராதியில் "காதா" (போ), "மொக்தா" (சாப்பிடு) என்று இருக்கும். கடைசி "தா"வை எடுத்துட்டா கா, மொக். அவ்வளவுதான்.

ஆசையைச் சொல்ல "கோ ஷிப்பொயோ" சேருங்க. காகோ ஷிப்பொயோ: எனக்குப் போகணும். மொக்கோ ஷிப்பொயோ: எனக்குச் சாப்பிடணும். இங்க ஒரு சின்னப் பொறி இருக்கு. அடுத்தவர் ஆசையைச் சொல்லும்போது "கோ ஷிப்பொஹேயோ" ஆகணும். அவர் மனசுக்குள்ள நாம போய்ப் பார்க்க முடியாதே! "போக ஆசைப்படுறார்"னு வெளியில தெரியறதைச் சொல்ற மாதிரி. ஆனா எதிர்ல இருக்கிறவர்கிட்ட "போகணுமா?"ன்னு கேட்க "காகோ ஷிப்பொயோ?" போதும்.

அடுத்து, கூப்பிடறது. மூணு வழி:

1. கால்காயோ? – போகலாமா? முடிவை ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கிற தொனி. சாப்பிட என்றால் "மொகுல்காயோ?"

2. கால்லேயோ? – போறீங்களா, உங்களுக்கு இஷ்டமா? எதிராளியின் விருப்பத்தை நேரா கேட்கிறது.

3. காஜா! – வா, போலாம்! ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட முதல் ரெண்டுலயும் "யோ"வை விட்டுடலாம்: கால்கா? கால்லே?

இதுல தப்பு நடக்கிற இடம் இலக்கணம் இல்ல, மரியாதை. கொரியாவில் மேல்படிப்புக்குப் போய், ப்ரொஃபசர்கிட்ட "காஜா"ன்னா, நம்ம ஹெச்.ஓ.டி.யைப் பார்த்து "வாடா போலாம்"னு சொன்ன கதைதான். "கால்லேயோ?"வில் "யோ" இருந்தாலும் அவருக்கு அது கொஞ்சம் உரிமை எடுத்துக்கிட்ட பேச்சுதான். அவர்கிட்ட "காஷிகெஸ்ஸொயோ?"ன்னு கேளுங்க. நடுவுல வர்ற "ஷி"தான் அங்க மரியாதை விகுதி, நம்ம "வர்றீங்களா சார்?" மாதிரி.

தமிழ் எழுத்தில் இந்த உச்சரிப்பு தோராயம்தான். அடுத்த எபிசோடுல காதைத் தீட்டி வச்சுக்கிட்டு, யார் யார்கிட்ட "காஜா" சொல்றாங்கன்னு மட்டும் கவனிங்க. சப்டைட்டில் சொல்லாத உறவு அந்த ஒரு வார்த்தையிலேயே தெரியும்.