நிலமும் நீரும்

நம்மிற் பலர் நாடோறும் ஆவடி, அம்பத்தூர் வழியாக இரயிலிற் கல்லூரிக்கு வருகின்றோம். வழியிற் காணும் ஊர்கள் வளர்வது தற்செயலாக அன்று. எந்நிலத்தில் வீடு, எந்நிலத்திற் கடை, எந்நிலத்தில் தொழிற்சாலை அமைதல் தகும் என வரையறுப்பதே நிலப்பயன் விதியாகும்.

சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920இல் தோன்றிற்று. இன்று வழங்குவது 1971ஆம் ஆண்டுச் சட்டமாம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஆவடிப் பக்கத்துச் சிற்றூர்கள் சில அதிற் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் குறிக்கப்பெற்றன. ஆங்கே மனைபிரித்தற்கும் பெருங்கட்டடம் எழுப்புதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

நிற்க, இதன்கண் எழும் வாதம் எளிதன்று. முன்னோர் விட்ட காணியை விற்று மகளுக்கு மணம் முடிக்கக் கருதுவோன், "ஊரார் தண்ணீர் குடிக்க யான் மட்டும் இழப்பதோ?" என்பான். அவன் கூற்றும் நியாயமே. ஆயினும் மழைநீர் வரும் வழியை மனைகள் அடைப்பின் ஏரி வறளும். வழி தவறிய நீர் அம்மனைகளிலேயே புகும்.

ஆதலின், விதியைத் தளர்த்துதல் தகாது. இழப்பைப் பகிர்தலே தகும். நீர் குடிக்கும் நகரம் அதனைக் காப்போனுக்கு ஈடளித்தல் அறமென்பது எம் கருத்து. இரண்டாம் திட்டத்தின் எல்லை 2026ஆம் ஆண்டே. அடுத்த திட்டத்தின் வரைவு வெளிவருங்கால் ஆட்சேபணை கூறச் சட்டம் இடந்தருகின்றது. அன்று வரைபடத்தை நோக்கி, நம் கருத்தை எழுத்தில் அளிப்பது கற்றோர் கடனாம்.