மூடி வெச்ச லேப்டாப்ல சார்ஜ் எங்கே போகுது?

"அண்ணா, நேத்து நைட்டு 82 பர்சென்ட் இருந்துச்சு. மூடி வெச்சுட்டுத்தான் படுத்தேன். இப்போ 4 காட்டுது!"

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த சித்தப்பா பொண்ணு, போனில் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் வைவா. பையில் இருந்த லேப்டாப் தொட முடியாத அளவுக்குச் சூடு. சார்ஜர் வீட்டில். காலேஜில் யாரிடமோ சார்ஜர் கடன் வாங்கி எப்படியோ சமாளித்தாள்.

சாயங்காலம் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினால், "பேட்டரி போயிடுச்சும்மா, நாலாயிரம் ஆகும், மாத்திடலாம்" என்றார்களாம். வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகாத லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே பார்த்தேன். பேட்டரி நல்லாத்தான் இருந்தது. லேப்டாப் தூங்கவே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இதே கதை உங்களுக்கும் நடந்திருந்தால், பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பழைய தூக்கம், புதுத் தூக்கம்

2011-ல் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து லேப்டாப் ஏதாவது வீட்டுப் பரணில் இருந்தால் ஞாபகப்படுத்திப் பாருங்க. மூடினால் ஃபேன் நிற்கும், டிஸ்க் சத்தம் நிற்கும், ஒரு சின்ன லைட் மட்டும் விட்டு விட்டு எரியும். இந்தத் தூக்கத்துக்கு 'எஸ்3' என்று பெயர். பிராசஸர், வைஃபை எல்லாம் அணைந்துவிடும். திறந்து வைத்த ஃபைல்கள் மறக்காமல் இருக்க ரேமுக்கு மட்டும் கொஞ்சூண்டு கரண்ட் போகும்.

அப்புறம் ஸ்மார்ட்போன் வந்தது. ஸ்கிரீனைத் தட்டினால் உடனே எழுந்துகொள்கிறது, அணைந்திருக்கும்போதே மெசேஜ் வருகிறது. லேப்டாப்பும் இப்படி இருக்கணும் என்று மைக்ரோசாஃப்ட் நினைத்தது. 2012-ல் விண்டோஸ் 8-ல் 'கனெக்டட் ஸ்டாண்ட்பை', 2015-ல் விண்டோஸ் 10-ல் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்று கொண்டுவந்தார்கள். இதற்கு 'எஸ்0' என்று பெயர். இதில் மூடியை மூடினாலும் லேப்டாப் முழுசாக அணைவதில்லை. ஸ்கிரீன் அணையும், மற்றதெல்லாம் குறைந்த கரண்டில் அரைக்கண் மூடிக் காத்திருக்கும். புதிதாக வரும் பல லேப்டாப்களில் பழைய எஸ்3 தூக்கம் கிடையவே கிடையாது.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் இதில் தப்பில்லை. ஆனால் வைஃபை கார்டோ, ஏதோ ஒரு டிரைவரோ, பின்னால் ஓடும் ஒரு ஆப்போ அடங்கவில்லை என்றால் மொத்த லேப்டாப்பும் முழித்துக்கொண்டே இருக்கும். டெல்டாக்காரர்களுக்கு இது புரியும். மதகுப் பலகையை இறக்கிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடுவோம். அடியில் ஒரு செங்கல் சிக்கியிருந்தால், விடியும்போது வயலில் தண்ணி நிற்கும்.

கணக்கும் அப்படித்தான். 45 வாட்-ஹவர் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்க. தூக்கத்தில் 0.3 வாட் இழுத்தால் பத்து மணி நேரத்தில் போவது 3 வாட்-ஹவர், அதாவது 7 சதவிகிதத்துக்குள். அதே லேப்டாப் 3 வாட் இழுத்தால் 30 வாட்-ஹவர். மூணில் ரெண்டு பங்கு சார்ஜ் ராத்திரியோடு காலி.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது எரிச்சல் மட்டும்தான், பக்கத்தில் பிளக் இருக்கும். நம்ம பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காத நாள்கள் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருக்கிற இடம் தேடிப் போய் போனுக்குச் சார்ஜ் போட்டவர்களுக்கு ஒரு சதவிகிதத்தின் மதிப்பு தெரியும்.

முதலில் குற்றவாளி யார்னு பார்க்கலாம்

விண்டோஸ் லேப்டாப்பே இதைச் சொல்லிவிடும். ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்தால் 'கமாண்ட் பிராம்ப்ட்' வரும். அதை ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்க. கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே நாம் எதையும் மாற்றப்போவதில்லை, கேட்கத்தான் போகிறோம்.

எல்லாக் கேள்வியும் ஒரே சொல்லில்தான் தொடங்கும். 'பவர்' என்ற ஆங்கிலச் சொல், அதோடு இடைவெளி இல்லாமல் சி, எஃப், ஜி. பிறகு ஒரு ஸ்பேஸ், ஒரு சாய்கோடு. சாய்கோட்டை ஒட்டி 'ஏ' என்று மட்டும் அடித்தால் உங்கள் லேப்டாப்பில் எந்தத் தூக்கம் இருக்கிறது என்று பட்டியல் வரும். எஸ்3 இருந்தால் நீங்க பழைய ரகம். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் புது ரகம்.

ஏ-வுக்குப் பதில் 'பேட்டரி ரிப்போர்ட்' என்று இரண்டு சொல்லையும் சேர்த்து அடித்தால் ஒரு ரிப்போர்ட் உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று திரையிலேயே காட்டும், பிரவுஸரில் திறந்து பாருங்க. அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். தங்கச்சியின் லேப்டாப்பில் முதலாவது 41,000, இரண்டாவது 38,200. ஒன்றரை வருஷத்துக்கு இது நல்ல மார்க். இரண்டாவது எண் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தாலோ, 60-லிருந்து திடீரென்று 15-க்குத் தாவினாலோ, கடைக்காரர் சொன்னது உண்மை. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'ஸ்லீப் ஸ்டடி' என்று சேர்த்து அடியுங்க. இது புது ரக லேப்டாப்களுக்கான ரிப்போர்ட். எத்தனை மணிக்குத் தூங்கியது, எவ்வளவு சார்ஜ் போனது, தூக்கத்தைக் கெடுத்தது யார் என்று பெயரோடு போட்டுக் கொடுக்கும். தங்கச்சியின் ரிப்போர்ட்டில் முதல் பெயர் வைஃபை கார்டு.

சரி, எப்படிச் சரிபண்றது?

எனக்குக் கேட்டால் ஒரே வைத்தியம் போதும்: ஹைபர்னேட். இதில் ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு லேப்டாப் நிஜமாகவே அணைந்துவிடும். திறக்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். எழுந்துவர சில விநாடிகள் கூடுதலாக ஆகும், டிஸ்க்கில் சில ஜிபி இடம் பிடிக்கும். அது பரவாயில்லை.

பல லேப்டாப்களில் இதை ஒளித்துவைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், இடது பக்கம் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வரியைத் திறங்க. மேலே மங்கலாக இருப்பவற்றை மாற்ற ஒரு நீல லிங்க் இருக்கும். அதை அழுத்தி, கீழே ஹைபர்னேட்டுக்கு டிக் போட்டு சேவ் செய்யுங்க. இப்போது 'ஆன் பேட்டரி' என்ற பத்தியில் மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று தேர்ந்தெடுக்கலாம். கிளாஸுக்குக் கிளாஸ் மாறும்போதெல்லாம் ஹைபர்னேட் ஆக வேண்டாம் என்றால் மூடிக்கு ஸ்லீப்பே இருக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து ஹைபர்னேட் ஆகும்படி டைம் வைத்துவிடுங்க.

அப்புறம் ஒரு பழக்கம். நம்மில் பலர் சார்ஜரோடு இருக்கும்போதே மூடியை மூடிவிட்டு, பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பையில் போடுகிறோம். சில லேப்டாப்கள் இன்னும் கரண்டில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பிலேயே வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்க, பிறகு மூடுங்க. வயர்லெஸ் மவுஸின் யுஎஸ்பி குச்சியையும் கழற்றிவிடுங்க. பஸ் குலுக்கலில் மவுஸ் அசைந்து லேப்டாப்பை எழுப்பிவிடக்கூடும். சில லேப்டாப்களில் மூடியிருக்கும்போதும் போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் யுஎஸ்பி போர்ட் இருக்கும், அதுவும் பேட்டரியைத்தான் குடிக்கும்.

வைஃபை டிரைவர்தான் வில்லன் என்றால், லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டில் உங்கள் மாடலுக்கான புது டிரைவரை எடுத்துப் போடுங்க. 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறேன்' என்று வரும் சாஃப்ட்வேர்கள் வேண்டவே வேண்டாம். பயாஸ் அப்டேட் இருந்தால் அதுவும் உதவலாம். ஆனால் நல்ல சார்ஜ் இருக்கும்போது, சார்ஜரையும் மாட்டிக்கொண்டு, கரண்ட் கட் அறிவிப்பு இல்லாத நாளில் செய்யுங்க. பாதியில் நின்றால் லேப்டாப்பே எழுந்திருக்காது.

யூடியூபில் 'ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி மாத்தினா பழைய எஸ்3 வந்துடும்' என்று வீடியோக்கள் இருக்கின்றன. பட்டியலில் எஸ்3 இல்லாத லேப்டாப்பில் இதைச் செய்தால், தூங்கிய லேப்டாப் எழுந்திருக்காமல் போகலாம். நான் தொடவில்லை.

பைக்குள் சூடு

சார்ஜ் போவதைவிட எனக்குப் பயம் இதில்தான். முழித்திருக்கும் லேப்டாப் பைக்குள் இருந்தால் சூடு வெளியேற வழி இல்லை. அதுவும் அக்னி நட்சத்திர நாள்களில், டிரைவர் பக்கத்து இன்ஜின் மேல் பையை வைத்துவிட்டு ஏறினால் கேட்கவே வேண்டாம். லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடு ஆகாது, ஆயுசு சீக்கிரம் குறையும். டச்பேட் மேலே எழும்பி நின்றாலோ, மூடி சரியாக மூடாமல் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அதற்கப்புறம் சார்ஜ் போடாதீங்க, அழுத்திப் பார்க்காதீங்க, ஊசியால் குத்தாதீங்க. நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க. இதில் நாலாயிரத்தை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

தங்கச்சியின் லேப்டாப்பில் ஹைபர்னேட் வைத்து, வைஃபை டிரைவரையும் மாற்றினோம். ராத்திரி 80-ல் மூடினால் காலையில் 80 அல்லது 79 காட்டுகிறது. "பை சுடுதா?" என்று கேட்டேன். "இல்லண்ணா. ஆனா சார்ஜரை மட்டும் இப்போ வீட்ல விட்டுட்டுப் போறதில்ல" என்றாள்.