மங்கிய விளக்கும் கருநிற மகிழுந்தும்

கோலார் தங்கவயலுக்கு வருவோரின் கண்ணில் முதலில் படுபவை, ஊரைச் சூழ்ந்து நிற்கும் சாம்பல்நிற மண்மேடுகள். ஊர்மக்கள் இவற்றைச் ‘சயனைடு மேடுகள்’ என்று அழைப்பர். இங்கு 1880ஆம் ஆண்டில் பெரிய அளவில் தொடங்கிய தங்கச் சுரங்கத்தொழில், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் வரை நடைபெற்றது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் பலர் சுரங்கத்தில் இறங்கிப் பாறையை வெட்டினர். வெட்டிய பாறை ஆலையில் மாவுபோல் அரைக்கப்பட்டது. அதிலிருந்த தங்கம் சயனைடு கரைசலின் உதவியால் பிரிக்கப்பட்டது. தங்கம் நீங்கிய பின் எஞ்சிய மண்ணே இன்று மேடுகளாக நிற்கிறது. அதன் எடை மூன்று கோடி டன்னுக்கும் மேல்.

காற்று வலுத்து வீசும் மாதங்களில் இம்மேடுகளிலிருந்து நுண்துகள்கள் எழுந்து வீடுகளிலும் வண்டிகளிலும் படிகின்றன. கருநிற மகிழுந்து வைத்திருப்போர் இதை நன்கு அறிவர். காலையில் கழுவிய வண்டி மாலைக்குள் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். கையில் கிடைத்த துணியால் அதைத் துடைத்துவிடுவது பலரது வழக்கம். வண்டியின் மெருகு கெடுவதற்கு அவ்வழக்கமே பெருங்காரணம்.

தூசி கீறுவது எப்படி?

தங்கவயலில் பொன் கலந்திருந்த பாறை, குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் ஆகும். பொருள்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் இடம் 7. இது கண்ணாடியையே கீறவல்லது. எனவே, உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பது, மெல்லிய உப்புத்தாளால் வண்டியைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

இக்கால மகிழுந்துகளில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இருக்கும். அது தலைமயிரின் தடிமனைவிடவும் மெல்லியது. வெயிலையும் மழையையும் முதலில் தாங்குவது அதுவே. தூசியால் ஏற்படும் கீறல்களும் அதில்தான் விழுகின்றன. வெண்ணிற வண்டியிலும் இதே கீறல்கள் உண்டு. ஆயினும் அவை எளிதில் தெரிவதில்லை. கீறல் ஒளியைச் சிதறடித்து வெண்கோடாகத் தோன்றுகிறது. கருநிறப் பின்னணியில் அக்கோடு தெளிவாகத் தெரிகிறது. வெயிலில் நிற்கும் கருநிற வண்டியில் சிலந்திவலை போன்ற வட்டக் கோடுகள் மின்னுவது இதனால்தான்.

விளக்கு மங்குவது ஏன்?

மகிழுந்தின் முகப்பு விளக்கிற்கு முற்காலத்தில் கண்ணாடி மூடியே இருந்தது. அம்பாசிடர் வண்டியின் வட்ட விளக்கு இதற்குச் சான்று. இன்றைய வண்டிகளில் அவ்விடத்தைப் பாலிகார்பனேட் என்னும் நெகிழி பிடித்துள்ளது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் பாக்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே இதனை உருவாக்கினர். இது கண்ணாடியைவிட எடை குறைந்தது, எளிதில் உடையாதது. ஆனால், கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் இதன் மூலக்கூறுகளைச் சிதைத்து மஞ்சளாக்கும். அதைத் தடுக்கவே தொழிற்சாலையில் இதன்மேல் காப்புப்பூச்சு இடுகின்றனர். ஆண்டுக்கணக்கான வெயிலும் தூசியும் அப்பூச்சைத் தின்றுவிட்டால் விளக்கின் முகம் பழுப்பேறி மங்கிவிடுகிறது.

மங்கல் அழகுக் குறைவோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ‘ஏஏஏ’ என்னும் வாகன ஓட்டுநர் கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மிகவும் மங்கிய விளக்கு தரும் ஒளி, புதிய விளக்கின் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சாலையைக் கடக்கும் ஒருவரை ஓட்டுநர் இரண்டு நொடி தாமதமாகக் கண்டால், அதற்குள் வண்டி 34 மீட்டர் நெருங்கிவிடும். தங்கவயலிலிருந்து விடியுமுன் பெங்களூருக்குப் புறப்பட்டு, இருட்டிய பின் வீடு திரும்புவோர் பலர். அவர்களுக்கும், அச்சாலையோரம் நடந்து செல்வோருக்கும் இந்த 34 மீட்டர் உயிர் காக்கும் தொலைவாகும்.

விளக்கைத் தெளிவாக்கும் முறை

முதலில் மங்கல் எப்பக்கம் உள்ளது என்று காணவேண்டும். மூடியின் உட்புறம் நீர்த்துளிகள் தெரிந்தாலோ, மூடியில் வெடிப்பு இருந்தாலோ வெளியே தேய்ப்பதால் பயனில்லை. மங்கல் வெளிப்புறம் மட்டும் இருந்தால் அதைச் சீராக்கலாம். சிறுவர் இப்பணியைப் பெரியவர் துணையோடு மட்டுமே செய்தல் வேண்டும்.

1. விளக்கைச் சோப்பு நீரால் கழுவி, சுற்றியுள்ள வண்ணப் பகுதியில் ஒட்டுநாடா ஒட்டவேண்டும்.

2. நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். முதலில் 1000 எண், அடுத்து 2000, இறுதியில் 3000 என மென்மையான தாளுக்கு மாறவேண்டும். எண் கூடக்கூடத் தாளின் சொரசொரப்புக் குறையும். முதல் தாளைக் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்ததை மேலும் கீழுமாகத் தேய்க்கலாம். முந்திய கீறல்கள் மறைந்தனவா என்பது அப்போது தெரியும்.

3. தேய்க்கும்போது நீர் வற்றக்கூடாது. உலர்ந்த துகள் நெஞ்சுக்குத் தீங்கானது. பாறைத்தூசியைப் பல்லாண்டு சுவாசித்த சுரங்கத் தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர் என்பதைத் தங்கவயல் குடும்பங்கள் அறியும்.

4. இந்நிலையில் விளக்கு முன்னைவிட மங்கலாகத் தோன்றும், அஞ்சவேண்டியதில்லை. மெருகுப்பசையை மென்துணியில் எடுத்துத் தேய்த்தால் தெளிவு திரும்பும்.

5. இறுதியாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சை இடவேண்டும்.

ஐந்தாம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். பற்பசையால் தேய்த்து விளக்கைப் பளபளப்பாக்குவோரும் உளர். பற்பசையிலுள்ள மென்துகள்கள் மேற்பரப்பைச் சிறிது தெளிவாக்கும் என்பது உண்மையே. ஆனால், காப்புப்பூச்சு இல்லாத நெகிழியை வெயில் மீண்டும் தாக்கும். சில மாதங்களில் பழுப்பு திரும்பிவிடும். மேற்கூறிய ஆய்வில், சீராக்கப்பட்ட விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டையே மீட்டன. ஆகவே, அளவுகடந்து சிதைந்த விளக்கை மாற்றிவிடுவதே நன்று.

கருநிற வண்டியைப் பேணும் முறை

நிழலில், வண்டியின் உடல் குளிர்ந்த பின்னரே கழுவவேண்டும். கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஏற்பதால் வெயிலில் நீர் விரைந்து வற்றும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் அப்போது வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும்.

துணி படுமுன் நீரை ஊற்றித் தூசியை வழியவிடவேண்டும். பின்னர் இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் வண்டி கழுவும் திரவம் கலந்த நீரும், மற்றொன்றில் தூய நீரும் இருக்கட்டும். ஒவ்வொரு முறை துடைத்த பின்னும் துணியைத் தூய நீரில் அலசிய பிறகே சோப்பு நீரில் நனைக்கவேண்டும். துணியில் ஒட்டிய மணல் மீண்டும் வண்டியை அடையாமலிருக்க இதுவே வழி. கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி வேண்டும். முடிவில் நுண்ணிழைத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும்.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசலாம். பறவை எச்சத்தை உலரவிடாமல் நனைத்து எடுத்துவிடவேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்தால் உடனே பளபளப்புத் தோன்றும். ஆனால் அது மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடும். அதன் எண்ணெய்ப்பிசுக்கில் தூசி மேலும் ஒட்டும்.

கீறலின்மேல் விரல்நகத்தை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நகம் தடுக்காவிட்டால் மெருகேற்றி நீக்கிவிடலாம். தடுத்தால் கீறல் ஆழமானது. ஒவ்வொரு மெருகேற்றலும் தெளிபூச்சில் ஒரு சிறு பகுதியைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. ஆதலால் அதை அடிக்கடி செய்தல் கூடாது. வண்டியை நிழலில் நிறுத்துவதும், உலர்ந்த துணியால் துடைக்காதிருப்பதும் செலவின்றி அப்பூச்சைக் காக்கும்.

சொற்பொருள்

தெளிபூச்சு – நிறமற்ற மேற்பூச்சு
நெகிழி – பிளாஸ்டிக்
உப்புத்தாள் – தேய்த்து மென்மையாக்கும் சொரசொரப்பான தாள்
பேணுதல் – பாதுகாத்தல்

சிந்தித்து விடை எழுதுக

1. வெண்ணிற வண்டியில் தெரியாத கீறல் கருநிற வண்டியில் தெரிவது ஏன்?
2. பற்பசையால் தேய்த்த விளக்கு மீண்டும் பழுப்பேறுவதற்குக் காரணம் யாது?
3. உம் வீட்டில் வெயிலால் நிறம் மாறிய நெகிழிப் பொருள் ஒன்றைக் கண்டறிந்து, அதைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.