இல்லத்திற்கு ஏற்றது எது?

திருவதிகைப் பக்கத்துச் சிற்றூர்களில் திருவிழா என்றாலே கூம்பு ஒலிபெருக்கி நினைவுக்கு வரும். அது இல்லத்திற்கும் ஏற்றதா?

சிறு தகட்டின் அதிர்வை வீணாக்காமல் காற்றில் சேர்ப்பது கூம்பின் சிறப்பு. குறைந்த மின்சாரத்தில் பேரொலி எழும். ஆயினும் நொடிக்கு 50 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதைச் செம்மையாய்த் தரக் கூம்பின் வாய் சுமார் 2 மீட்டர் விரிய வேண்டும். அமெரிக்கரான பால் கிளிப்ஷ், அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் நீட்சியாக்கி இதற்கு வழி கண்டார். அதற்கும் விசாலமான அறை தேவை.

சிறு வீட்டிற்கோ, 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர்கள் அறிவித்த காகிதத் திரை முறையில் அமைந்த பெட்டியே போதும். எதை வாங்கினும், நம் இன்னிசை அடுத்த வீட்டு நோயாளியின் உறக்கத்தைக் கலைக்காதிருக்கட்டும்.